மற்றவை

பதினோரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.
கேமராவை யாரும் போடவில்லை.
லேப்டாப்பைத் திருப்பி அனுப்ப
அட்டைப்பெட்டியை அவர்களே அனுப்பியிருந்தார்கள்,
அளவு கச்சிதமாக.

சூரமங்கலம் கூரியர் கடையில்
"உள்ள என்னங்க?" என்றாள் அந்தப் பெண்.
எலக்ட்ரானிக்ஸ் என்றேன்.
"மதிப்பு எவ்வளவு போட?"
எனக்குத் தெரியவில்லை.
ஐயாயிரம் என்று அவளே எழுதிக்கொண்டாள்.

பிறகு படிவங்கள்.
பெயர், கைபேசி எண், ஆறு வருட அனுபவம்,
எல்லாம் ஒழுங்காகப் போகும்.
பட்டம் என்ற கட்டத்தைத் தொட்டால்
பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ. என்று
ஏணி ஒன்று கீழே இறங்கும்.
கடைசிப் படியில் மற்றவை.
அரசு கலைக் கல்லூரி, பி.ஏ. வரலாறு,
இரண்டாம் வகுப்பு.
அதைத் தொட்டதுமே
சில கம்பெனிகள் நன்றி சொல்லிவிடும்.

ஒரு படிவத்தில், சும்மா,
பின்னால் போய் முன்னால் வந்தேன்.
மற்றவை பி.இ. ஆகியிருந்தது.
அவர்கள் பிழை, என்னுடையதல்ல.
இரண்டு நிமிடம் இன்ஜினியராக உட்கார்ந்திருந்தேன்.
மின்விசிறி சுற்றியது.
பிறகு திருத்திவிட்டேன்.
சோதித்துச் சம்பளம் வாங்கியவள்,
பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க வராது.

ஆகஸ்டில் ஸ்கூட்டர் தவணை
சென்னகேசவன் சம்பளத்துக்கு மாறியது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததையெல்லாம் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெங்களூரிலிருந்து ஒரு பையன், வீடியோவில்,
நெட்வொர்க்கின் ஏழு அடுக்கையும் கேட்டான்.
ஐந்து சொன்னேன்.
மீதி இரண்டுக்காகக் கொஞ்சநேரம்
இரண்டு பேரும் காத்திருந்தோம்.

ஓமலூர் ரோட்டில், பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில்,
நாலு நாற்காலி, ஒரு இன்வெர்ட்டர்.
லாரி எங்கே போகிறதென்று காட்டும் செயலி.
முதலாளி தனகோட்டி படிவம் ஏதும் நீட்டவில்லை.
ஒரு போனைக் கொடுத்து,
"இத ஒடச்சுக் கொண்டாங்க" என்றார்.

மறுநாள் காலை ஏற்காடு பஸ்.
மடியில் இரண்டு போன், அவருடையதும் என்னுடையதும்.
பக்கத்து சீட்டுக்காரி எலுமிச்சம்பழத்தை
மூக்கைவிட்டு எடுக்கவே இல்லை.
வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை.
பதின்மூன்றில் சிக்னல் போனது.
பதினாறில் வந்தது.
இடையில் இருந்த மலையைச் செயலி
ஒரே கோடாக இழுத்துவிட்டது,
காட்டுக்கு மேலே, பள்ளத்துக்குக் குறுக்கே.

ஒண்டிக்கடையில் டீ ஆறிக்கொண்டிருக்க
ஒரு கட்டைவிரலால் எழுதினேன்:

படி ஒன்று: அடிவாரத்தில் பயணத்தைத் தொடங்கவும்.
படி இரண்டு: சிக்னல் போகும்வரை ஏறவும்.
படி மூன்று: அது திரும்பும்வரை ஏறவும்.
எதிர்பார்த்தது: சாலை.
நடந்தது: லாரி பறந்தது.
பாதிப்பு: ஏறி இறங்க மூன்று கிலோமீட்டர் குறைகிறது.
கிலோமீட்டருக்குப் படி வாங்கும் டிரைவருக்கு
அது அவர் பாக்கெட்டில் குறைகிறது.

தனகோட்டி இரண்டு முறை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
"ரெண்டு மாசமா டிரைவருங்க இதத்தான் சொல்றாங்க.
ஏமாத்தறாங்கன்னு நெனச்சிட்டேன்."

பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.
இன்னும் இரண்டாயிரம் கேட்டேன்.
ஆயிரம் தந்தார்.

பி.எஃப். படிவம் நிரப்ப வந்த கௌசிகா
"படிப்பு என்னங்கக்கா?" என்றாள்.
சொன்னேன். திரையைத் துழாவினாள்.
"இதுல இல்லியே."
கடைசியில பாரு என்றேன்.

அன்று மாலை எல்லாரும் கிளம்பிய பிறகு
தனகோட்டியிடம் கேட்டேன்:
அந்த ரெண்டு மாசப் பாக்கி,
டிரைவர்களுக்கு?
அவர் இன்வெர்ட்டரைப் பார்த்தார்.
"பாக்கலாம்மா."

அதை இரண்டாவது பிழையாகப் பதிந்தேன்.
முன்னுரிமை: உயர்.
ஒவ்வொரு காலையும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.
இன்னும் திறந்தே இருக்கிறது.